தை பிறந்தும் சூரியன் வராத ஊர்

தைப்பொங்கலன்று காலை ஒன்பது மணி. ஜன்னலுக்கு வெளியே நடுச்சாமத்து இருட்டு. மின்சார அடுப்பில் சட்டி, சட்டியில் பால் நுரைகட்டி எழும்புகிறது. சுற்றி நாங்கள் நாலு பேர். முதல் நாள் முழுக்க மீன் வெட்டிய கை, எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவியும் மணத்துக்கொண்டிருந்தது. பால் பொங்கி வழிந்ததும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எந்தப் பக்கம் பார்த்துப் படைப்பது?

"சூரியனைக் காணேல்லை. ஆருக்கடா தம்பி படைக்கிறது?" என்றார் எங்களில் மூத்தவர். ஊரில் அவர் வாத்தியார்.

சூரியன் கடைசியாகத் தலைகாட்டியது நவம்பர் மூன்றாம் வாரத்தில். திரும்பி வர இன்னும் ஒரு வாரம் கிடந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி வாக்கில் தெற்கு வானத்தின் அடியில் கொஞ்சம் செம்மை தெரியும், அந்த நாட்களில் அதுதான் பகல். வாத்தியார் அதுவரை பொறுத்திருந்து, செம்மை தெரிந்த பக்கம் பார்த்துப் படைத்தார். தெற்கு எமன் திசை. அப்பாச்சி பக்கத்தில் இருந்திருந்தால் சட்டியோடு சேர்த்து எங்களையும் தூக்கி வெளியே எறிந்திருப்பா.

எண்பதுகள் முடிகிற நேரம் அது. இடம் நோர்வேயின் வடகோடி, ஃபின்மார்க் மாகாணம். பரப்பு சுமார் 48,600 சதுர கிலோமீட்டர். டென்மார்க்கைத் தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். இலங்கைத் தீவோடு ஒப்பிட்டால் முக்கால் பங்கு. அவ்வளவு நிலத்திலும் இருக்கிற சனம் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்துக்குள் மட்டுமே அதைவிடக் கூட ஆட்கள்.

போன மாசியில் அந்தக் கரைக்குத் திரும்பப் போய்வந்தேன். வந்ததிலிருந்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: அந்தக் குளிருக்குள்ளே மனுசர் எப்படி இருக்கினம்? முப்பது வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேள்வியே பிழை என்பது இந்த முறைதான் எனக்கு உறைத்தது. அங்கிருந்து போனவர்களில் குளிர் தாங்காமல் போனேன் என்று சொன்ன ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

குளிரின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன்

நோர்வேயில் இதுவரை பதிவான ஆகக் கடுங்குளிர் ஃபின்மார்க்கின் உள்நாட்டு ஊரான கரஷொக்கில். 1886 ஜனவரி 1 அன்று மைனஸ் 51.4 பாகை. அந்தப் பக்கம் சாமி இன மக்களின் நாடு. கலைமான் மேய்த்து, கலைமான் தோலில் காலணி தைத்து, அதற்குள் காய்ந்த புல்லைத் திணித்துக் காலைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள். அவர்களிடம் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது, தீவகத்து ஆளிடம் போய் உப்புக் காற்று எப்படி என்று விசாரிப்பது போலத்தான்.

கடற்கரை வேறு. அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் இந்தக் கரை வரைக்கும் வால் நீட்டுவதால் துறைமுகங்கள் உறைவதில்லை. ஜனவரியில்கூட வெப்பமானி மைனஸ் ஐந்தைச் சுற்றித்தான் நிற்கும். மொன்றியலில் இருக்கிற என் மச்சான் இதைக் கேட்டுச் சிரித்தான். அவன் காற்றைப் பார்க்கவில்லை. கிழக்கு முனையில் இருக்கும் வார்டோ தீவில் மறைப்புக்கு ஒரு காடு கிடையாது. பனி மேலிருந்து விழுவதாக நாம் படத்தில் பார்க்கிறோம், அங்கே அது பக்கவாட்டில் வரும். கன்னத்தில் மண்ணள்ளி எறிந்த மாதிரி இருக்கும். கார்க் கதவைத் திறக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துத் திறக்க வேண்டும், இல்லையென்றால் பிணைச்சலோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும். முதல் வருடம் அப்படி ஒரு கதவுக்கு நான் பணம் கட்டினேன்.

இருட்டு இன்னொரு விதமான சங்கடம். ஆனால் அது கன்னங்கரிய இருட்டு இல்லை. நண்பகலில் இரண்டு மூன்று மணிநேரம் வானமும் பனியும் நீலம் போட்ட வேட்டி மாதிரி ஒரு நிறத்துக்கு வரும். வீடுகளில் ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு வைத்திருப்பார்கள், திரைச்சீலையை இழுத்து மூட மாட்டார்கள். தெருவில் போகிறவனுக்கும் கொஞ்சம் வெளிச்சம் போகட்டும் என்ற எண்ணமாக இருக்க வேண்டும். காலையில் கொட் மீன் ஈரல் எண்ணெய் ஒரு கரண்டி. வெயிலில் கிடைக்க வேண்டிய வைட்டமினைப் போத்தலில் அடைத்து வைத்திருக்கிறார்கள். வார்டோவில் ஜனவரி 20ஐ ஒட்டி, சூரியத் தட்டு முழுதாகக் கண்ணில் பட்ட நாளில் பழைய கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கும். பள்ளிக்கூடத்துக்கு அன்று விடுமுறை. நாங்கள் பொங்கலை அந்த நாளுக்குத் தள்ளி வைத்திருக்கலாம். வாத்தியார் பஞ்சாங்கத்தை விட்டு அசையவில்லை.

இந்த மக்கள் எதற்கு அசைவார்கள், எதற்கு அசைய மாட்டார்கள் என்பதற்கு 1944ஐப் பார்த்தால் போதும். சோவியத் படை கிழக்கிலிருந்து நெருங்கியபோது, பின்வாங்கிய ஜெர்மன் இராணுவம் ஹிட்லரின் கட்டளைப்படி இந்த நிலத்தை எரித்துக்கொண்டே போனது. வீடு, படகு, மீன் காயப்போடும் பந்தல், தந்திக் கம்பம் எல்லாம். ஹம்மர்ஃபெஸ்ட் நகரத்தில் மிஞ்சியது இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றுதான். ஹோனிங்ஸ்வோக் ஊரில் தேவாலயம் மட்டும் நின்றது. ஏறத்தாழ 50,000 பேரைத் தெற்கே துரத்தினார்கள். மற்றவர்கள் குளிர்காலம் முழுக்கக் குகைகளிலும் புல்மண் குடில்களிலும் ஒளிந்து கிடந்தார்கள். போர் முடிந்ததும் ஓஸ்லோ அரசு, திட்டம் போட்டுக் கட்டித் தருகிறோம், அதுவரை திரும்பாதீர்கள் என்றது. யாரும் கேட்கவில்லை. 1945 கோடையிலேயே கிடைத்த படகில் ஏறி வந்து, சாம்பலுக்கு மேல் பலகை அடித்துக் குடியேறினார்கள். கடலில் மீன் இருந்தது. அந்த மீன் அவர்களுடையதாகவும் இருந்தது.

ஏழரைக் கிலோ

எரிந்த நாட்டைக் கட்டியெழுப்பக் கண்ட வழி உறைமீன் தொழில். ஐம்பதுகளிலிருந்து கரை நெடுக ஃபில்லே ஆலைகள் எழும்பின. முள்ளும் தோலும் எடுத்த சதைத் துண்டுக்குத்தான் ஃபில்லே என்று பெயர். இழுவைப் படகுகளுக்கு அரசு உரிமம் கொடுத்தபோது ஒரு நிபந்தனையும் வைத்தது: பிடித்த மீனை வடக்கு ஊர்களின் ஆலைகளுக்குத்தான் கொண்டுவந்து இறக்க வேண்டும். ஒரு ஆலை, அதை நம்பி ஒரு ஊர். இந்தக் கணக்கில்தான் ஃபின்மார்க் கடற்கரை ஓடியது.

இந்தக் கணக்கில் தமிழர் நுழைந்தது தனிக்கதை. யாழ்ப்பாணத்து அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்கு வந்து மீன்பிடித் தொழில் கற்றவர். அறுபதுகளின் பிற்பகுதியில், நோர்வே நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு காரைநகரில் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தப் பாதையில் சில இளைஞர்கள் இங்கே படிக்க வந்தார்கள். மக்கள் உயர்பள்ளி என்று இங்கே ஒரு வகைப் பள்ளி உண்டு. பரீட்சை இல்லை, விடுதியில் தங்கி ஒரு வருடம் படிக்கலாம். 1983 கலவரத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிகளின் விண்ணப்பத்தாள் உயிர் தப்பும் சீட்டாக மாறியது. நானும் அப்படி வந்தவன்தான். மரவேலைப் பிரிவில் சேர்ந்து ஒரு வருடத்தில் நான் செய்தது ஒரு முக்காலி, அதுவும் ஆடும். படிப்பு முடிந்ததும் வேலை எங்கே என்று விசாரித்தால் எல்லா விரலும் வடக்கைக் காட்டின. உள்ளூர்ப் பிள்ளைகள் மீன் ஆலைக்குப் போக மறுத்துத் தெற்கே போகத் தொடங்கிய காலம். ஆலைக்கு ஆள் வேண்டும், எங்களுக்கு விசா வேண்டும்.

ஆலைக்குள் முதல் நாள் ஞாபகமாக இருக்கிறது. வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், காதுக்கு மூடி. தரை எப்போதும் ஈரம். கொட் மீனை அவர்கள் 'தொஷ்க்' என்பார்கள். இயந்திரம் அதன் முதுகெலும்பை உருவிவிட்டு இரண்டு பக்கச் சதையையும் எங்கள் மேசைக்கு அனுப்பும். மேசை என்றால் அடியிலிருந்து விளக்கு எரியும் வெள்ளைக் கண்ணாடி. சதையை அதில் விரித்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். மிஞ்சிய முள், இரத்தக் கட்டு, சுருண்டு படுத்திருக்கும் புழு. புழு, பழைய மணிக்கூட்டின் சுருள்கம்பி போல வட்டமாக இருக்கும். கத்தி முனையால் ஒரு சுண்டு, வெளியே வந்துவிட வேண்டும். சதையைக் கிளறிவிட்டால் நிறை குறையும், நிறை குறைந்தால் சம்பளத்தோடு வரும் போனஸ் குறையும். எங்கள் வரிசையில் நின்ற அறுபது வயது அம்மா ஒருவர் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே, மேசையைப் பார்க்காமல் புழு எடுப்பார். சூரியன் இல்லாத அந்த மாதங்களில் நாங்கள் பார்த்த ஆகப் பிரகாசமான இடம் அந்த மேசைதான்.

சுத்தம் செய்த சதையைச் சட்டத்தில் அடுக்கி, அழுத்தி, உறையவைத்துக் கட்டியாக்குவார்கள். உலகச் சந்தைக்கு ஒரே அளவு: ஏழரைக் கிலோ. லண்டனிலோ பொஸ்டனிலோ அதைக் குச்சி குச்சியாக அறுத்து ரொட்டித்தூள் பூசி விற்பார்கள். ஏழரை என்ற எண் காதில் விழுந்தாலே வாத்தியார் தலையில் கைவைப்பார். அவருக்கு அப்போது உண்மையாகவே சனி நடந்துகொண்டிருந்தது.

சனி பிடித்தது ஊருக்கும்தான். எண்பதுகளின் பிற்பகுதியில், இந்தக் கரைக்கு வடக்கே விரியும் பாரன்ட்ஸ் கடலில் கொட் மீன் வற்றியது. அளவுக்கு மீறிப் பிடித்ததும், கொட்டின் இரையான சிறுமீன் அழிந்ததும் சேர்ந்துகொண்டன. பசியெடுத்த கடல்நாய்கள் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வந்து வலைகளில் மாட்டின. 1989 ஏப்ரல் 18 அன்று, கரையோரப் படகுகள் கொட் பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. ஈஸ்டர் கழிந்து நல்ல மீன்பாடு தொடங்குகிற நேரம்! அடுத்த வருடம், 1990இல், ஒவ்வொரு படகுக்கும் இவ்வளவுதான் என்று பங்கு வகுத்தார்கள். நெருக்கடி தீரும்வரை என்று சொல்லிக் கொண்டுவந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஃபின்மார்க் காலியான கதையின் முடிச்சு இங்கேதான். முந்தின வருடங்களில் போதிய மீன் பிடித்திருந்த படகுக்குத்தான் முழுப் பங்கு. வடக்கே கடல்நாயும் மீன் பஞ்சமும் அடித்த வருடங்கள் அவைதான், எனவே சின்னப் படகுக்காரர் பலர் கணக்கிலேயே வரவில்லை. பங்கு படகோடு ஒட்டிக்கொண்டது. படகை விற்றால் பங்கும் போகும். போகப்போக ஒரு படகின் பங்கை இன்னொரு படகோடு சேர்த்துக்கொள்ளவும் சட்டம் வழிவிட்டது. கிழவர் ஓய்வு பெறுகிறார், மகன் தெற்கே இருக்கிறான், பங்குக்கு நல்ல விலை வருகிறது. விற்காமல் என்ன செய்வார்? அவரைக் குறைசொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்த ஒரு கையெழுத்தில் போவது அவருடைய மீன் மட்டும் இல்லை. அடுத்த தலைமுறையில் அந்தத் துறையில் படகு இறக்க நினைக்கிறவன் அந்தப் பங்கை இலட்சக்கணக்கில் கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். பெரிய இழுவைப் படகுகளின் மேலிருந்த நிபந்தனையும் தேய்ந்தது. ஆலைக்கு இறக்கியே ஆகவேண்டும் என்றிருந்தது, ஆலைக்கு முதலில் விலை சொன்னால் போதும் என்றானது. கடலிலேயே உறையவைத்த முழுமீன் சீனாவுக்கும் போலந்துக்கும் போய், கூலி மலிந்த கைகளால் வெட்டுப்பட்டு, ஐரோப்பியக் கடைகளுக்குத் திரும்பி வருகிறது.

ஊரையே எடுத்துக்கொள்வீர்களா?

கிழக்கு ஃபின்மார்க்கில் புகோய்னெஸ் என்று ஒரு சிற்றூர். பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்த க்வென் மக்கள். 1944 தீயில் தப்பிய மிகச் சில ஊர்களில் ஒன்று. ஜெர்மன் இராணுவத்தால் அழிக்க முடியாத ஊரை ஆலையின் மூடல் அழிக்கப் பார்த்தது. 1989இல் ஊர்மக்கள் கூடிப் பேசி, டாக்பிளாடெட் என்ற தேசிய நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்கள். தெற்கே எங்காவது எங்கள் ஊர் முழுவதையும் ஒன்றாகக் குடியேற்ற யாருக்காவது விருப்பமா என்று. வேலை தேடும் விளம்பரம் பார்த்திருக்கிறோம், வரன் தேடும் விளம்பரம் பார்த்திருக்கிறோம். ஒரு ஊர் தனக்கு இடம் தேடி விளம்பரம் கொடுத்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அவர்கள் போகவில்லை. அவர்களைக் காப்பாற்றியது ஒரு நண்டு. பசிபிக் கடலின் ராட்சத நண்டை அறுபதுகளில் சோவியத் விஞ்ஞானிகள் மூர்மான்ஸ்க் பக்கக் கடலில் விட்டார்கள். எல்லை தெரியாத அந்தப் பிராணி நோர்வேக் கடலுக்குள் நடந்து வந்தது. காலை விரித்தால் ஆள் நீளம், நிறை பத்துக் கிலோ வரை. வலையைக் கிழிக்கிறது, தூண்டில் இரையைத் தின்கிறது என்று மீனவர்கள் சபித்தார்கள். 2002இல் வணிகப் பிடிப்புக்கு அனுமதி வந்தது. சபித்த வாய்களே இன்று அதை உயிரோடு பெட்டியில் வைத்து விமானம் ஏற்றிக் கொரியாவுக்கு அனுப்புகின்றன. கவனிக்க வேண்டியது, வடகேப் முனைக்குக் கிழக்கே நண்டுப் பங்கு அந்தக் கரையிலேயே உள்ள படகுகளுக்குப் போனது. ஊர் பிழைத்தது.

இதே நியாயத்தைக் கொட் மீனுக்கும் கேட்டுப் பார்த்தார்கள். 2005இல் வந்த ஃபின்மார்க் சட்டம், மாகாண நிலத்தில் சுமார் 95 சதவீதத்தை அரசிடமிருந்து எடுத்து மக்களின் பொது அமைப்பு ஒன்றின் கையில் கொடுத்தது. அப்படியானால் கடல்? முன்னாள் தலைமை நீதியரசர் கார்ஸ்டன் ஸ்மித் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து, இந்தக் கரையில் வாழும் எல்லோருக்கும், சாமி, க்வென், நோர்வேஜியர் என்ற பேதமில்லாமல், தங்கள் கடலில் மீன்பிடிக்கும் உரிமை வரலாற்று அடிப்படையில் உண்டு என்று 2008இல் அறிக்கை தந்தது. அரசு அந்த உரிமையை ஏற்கவில்லை. கல்லும் பாசியும் மக்களுக்கு, மீன் பங்கு வைத்திருப்பவனுக்கு.

அதற்குப் பதிலாக அரசு வேறொன்றைக் கொடுக்கிறது: இருப்பதற்குச் சம்பளம். அப்படி யாரும் சொல்வதில்லை, ஆனால் அதுதான். 1990இல் ஃபின்மார்க்கையும் பக்கத்து மாகாணமான துரொம்ஸின் வடபகுதியையும் சேர்த்து ஒரு சலுகை வலயம் அறிவித்தார்கள். அங்கே போய் வேலை செய்தால் கல்விக் கடனில் வருடத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி, நீண்டகாலம் அதற்கு உச்சவரம்பு 25,000 குரோனராக இருந்தது. வருமான வரி குறைவு. வேலை கொடுப்பவர் ஊழியருக்காகக் கட்டும் வரி இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து பாலர் பள்ளிக்குக் கட்டணமும் இல்லை. நல்ல ஏற்பாடு, கிண்டல் செய்ய மாட்டேன். தாதி, ஆசிரியர், மருத்துவர் என்று பலரை அது இழுத்து வந்தது. இன்றைக்கும் இந்த ஊர்களின் நகரசபைகள் தாதி வேண்டும், ஆசிரியர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தபடிதான் இருக்கின்றன. அப்படியானால் வேலை இல்லை என்று ஏன் சொல்கிறோம்? குடும்பத்துக்கு இரண்டு வேலை வேண்டும். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை கிடைக்கும், கணவன் என்ன செய்வான்? அவனுக்கு இடம் இருந்த துறைமுகத்தில் இப்போது பூட்டிய கதவு. இரண்டு வருடம் பார்த்துவிட்டு இருவரும் புறப்படுவார்கள். வீட்டை விற்கப் போனால் கட்டிய செலவில் பாதியும் வராது.

பதினாறு வயதில்

போகிறவர்களில் முதல் ஆள் பிள்ளை. சின்ன ஊர்களில் பத்தாம் வகுப்பு வரைதான் பள்ளி. அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் பதினைந்து, பதினாறு வயதில் இன்னொரு ஊருக்குப் போய் வாடகை அறையில் தனியாக இருக்க வேண்டும். சமையல், துணி, காலை எழும்புவது எல்லாம் தானே. நோர்வேஜிய நண்பர்கள் இதைப் பெருமையோடு சொல்வார்கள். எங்கள் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கியது இதுதான். பதினாறு வயதுப் பெண்பிள்ளையைத் தனி அறையில் விடுவதா? புயலுக்கும் இருட்டுக்கும் பழகிய குடும்பங்கள் மூத்த பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வந்ததும் பெட்டி கட்டத் தொடங்கின. கோயில் ஒரு காரணம், தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒரு காரணம், நாலு சனம் கூடும் கொண்டாட்டம் ஒரு காரணம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒவ்வொரு குடும்பமாக ஓஸ்லோவுக்கு இறங்கிவிட்டோம்.

இருந்த காலத்தில் உடம்பு சொன்ன கதை வேறு. ஆன் சிக்ஃப்ரிட் கிரொன்செத் என்ற மானிடவியலாளர் ஃபின்மார்க்கின் ஒரு மீன்பிடி ஊரில் தங்கித் தமிழரிடையே ஆய்வு செய்து 2010இல் புத்தகம் எழுதினார். தலையிடி, முதுகு வலி, கைகால் உளைச்சல் என்று தமிழர்கள் திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போகிறார்கள், சோதித்தால் நோய் ஒன்றும் அகப்படவில்லை. அவர்கள் இழந்த உறவும் ஊரும்தான் உடம்பில் வலியாக எழும்புகிறது என்பது அவர் கண்டது. அதைப் படித்தபோது எனக்கு வாத்தியார் ஞாபகம் வந்தது. அவருக்கு வலது தோளில் வலி. மருத்துவர் கத்தி பிடிக்கிற வேலையால் என்றார். வாத்தியார் இடது கைக்காரர்.

அந்தக் கரையில் கால்வைத்து மேலே வந்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நோர்வேக்கு வந்த கம்சாயினி குணரட்ணத்தின் குடும்பம் முதலில் வாழ்ந்தது ஹம்மர்ஃபெஸ்டில். ஓஸ்லோவுக்குப் பெயர்ந்து வளர்ந்த அவர் 2015இல் தலைநகரின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்றம் போனார்.

இன்றைய ஃபின்மார்க் ஒரே மாதிரி நொடித்துப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹம்மர்ஃபெஸ்டுக்கு எரிவாயு வந்தது. 2007இலிருந்து மெல்கோயா தீவில் அதைத் திரவமாக்குகிறார்கள், நகரத்தில் காசு புழங்குகிறது. ரஷ்ய எல்லையில் கிர்க்கெனெஸின் இரும்புச் சுரங்கம் 1996இல் மூடி, 2009இல் திறந்து, 2015இல் திவாலாகி மறுபடி மூடியது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஆட்களும் படகுகளும் கொஞ்சம் ஆறுதல் கொடுத்தன, 2022இல் உக்ரைன் போரோடு அதுவும் சுருங்கியது. போட்ஸ்ஃபியோர் ஊரில் மீன் ஆலைகள் ஓடுகின்றன. எங்கள் மேசைகளில் இப்போது லித்துவேனியர்களும் போலந்துக்காரரும் நிற்கிறார்கள். அவர்களுக்கும் மீன் வேண்டுமே. நோர்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து வருடாவருடம் நிர்ணயிக்கும் பாரன்ட்ஸ் கடல் கொட் அளவு 2013இல் பத்து இலட்சம் தொன். 2025க்கு 3,40,000 தொன்.

வார்டோவின் சனத்தொகை எழுபதுகளில் இருந்ததில் பாதியாகி, இப்போது 2,000க்கும் கீழே. 2012இல் ஓவியர்கள் கூட்டமாக வந்து கைவிடப்பட்ட வீடுகளின் சுவர்களில் படம் தீட்டிவிட்டுப் போனார்கள். ஒரு கட்டடத்தில் ஆளுயர எழுத்தில் கொட் மீனே மகத்தானது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. கடவுளுக்குச் சொல்வதை மீனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர் ஒருவரிடம் இது வேடிக்கையா என்று கேட்டேன். அவர் அப்படி நினைக்கவில்லை.

நாங்கள் இருந்த வீடு இருக்கிறது. இப்போது அதைக் கடற்பறவை பார்க்க வரும் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஆலையின் முன்கதவில் பலகை அறைந்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளிச்ச மேசைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், தரையில் அவை நின்ற திருகாணித் துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

திரும்பும் நாள் மலைப்பாதையில் புயல். இப்படியான நாட்களில் பாதையைத் தடுப்பு மரம் போட்டு மூடிவிடுவார்கள். வாகனங்கள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பனி தள்ளும் பெரிய வண்டி முன்னால் போகும், மற்றவை அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போகும். கடைசியில் இன்னொரு காவல் வண்டி. ஒருவரும் இடையில் நிறுத்தி இறங்கக் கூடாது. புறப்படுமுன் மஞ்சள் அங்கி போட்ட பெண் ஒருவர் ஒவ்வொரு வாகனமாக வந்து எரிபொருள் எவ்வளவு, போர்வை இருக்கிறதா, சவள் இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் சவள் இல்லை. ஒன்று கொண்டுவந்து பின்சீட்டில் போட்டுவிட்டு, அந்தப் பக்கம் போனதும் கொடுத்துவிடுங்கள் என்றார்.

எனக்குப் பின்னால் ஒரு சின்னக் கார். தாய் ஓட்டுகிறார், பக்கத்தில் மகன். பின்சீட்டில் கூரை வரை மெத்தை, மேசை விளக்கு, பொரிக்கிற சட்டி. விடுமுறை முடிந்து வாடகை அறைக்குத் திரும்புகிறான். எனக்கு முன்னால் பதினெட்டுச் சக்கர லொறி, பின்கதவின் இடுக்கில் உருகிய ஐஸ் தண்ணீர் சொட்டிக் கம்பியாக உறைந்து தொங்கியது. மீன். ஓட்டுநர் இறங்கிச் சிகரெட் பற்றவைத்தார். எங்கே போகிறது என்று கேட்டேன். "போலந்து" என்றார்.

தடுப்பு மரம் எழும்பியது. லொறி முதலில் போனது, நான் அதன் பின்னால், பிள்ளையின் கார் என் பின்னால்.